பெயருக்குக் காத்திருந்த போர்வை

“அங்கிள், ஒரு செய்தி” என்றுதான் கிரேஸ் போனில் தொடங்கினாள். பாலக்காட்டில் என் வீட்டு வாசலில் விழுந்திருந்த பேப்பரை எடுக்கக் குனிந்திருந்தேன். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். “அப்பா இறந்துட்டாங்க. இப்பத்தான், கம்பம்மெட்டு வீட்டுல. நான் பக்கத்துலயே இருந்தேன்.” பிறகு, “நேர்ல பார்த்த ஆளு சொல்லுறேன் அங்கிள்” என்றாள்.

அவளுடைய அப்பா டேவிட் தவமணி, தமிழக-கேரள எல்லையிலுள்ள கம்பம்மெட்டு சந்திப்பில், வீட்டின் முன்பகுதியில் தையல் கடை வைத்திருந்தவர். அந்தக் கடையிலிருந்தே எங்கள் பத்திரிகைக்குப் பகுதிநேர நிருபராகவும் இருந்தார். செக்போஸ்ட்டில் லாரிகள் தேங்கினாலும், ஏலக்காய் விலை சரிந்தாலும், மலைப்பாதையில் மரம் விழுந்தாலும், தையல் மிஷினுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கிய போன் வழியாகத்தான் அது உலகத்துக்குத் தெரியவரும். அவரை அறிந்தவர்கள் அவருடைய செய்திகளைப் பற்றியும், தைத்துக் கொடுத்த சட்டைகளைப் பற்றியும் பேசுவார்கள். நான் எழுத நினைப்பது அவர் தைத்த ஒரு போர்வையைப் பற்றி.

செய்தியைக் கேட்டதும் என் மனதில் துக்கத்துக்கு முன்பாக வந்தது ஒரு நிம்மதி. சென்ற ஆண்டு இதே போன் வந்திருந்தால் எனக்கு அழக்கூடத் தெரிந்திருக்காது. அந்தப் போர்வை பெயரில்லாமல் பெட்டியில் கிடந்திருக்கும், கிரேஸும் “பக்கத்துலயே இருந்தேன்” என்று சொல்லியிருக்க முடியாது. அந்த இரண்டும் ஒரே விஷயம்தான். எப்படி என்று சொல்கிறேன்.

நான் இடுக்கி மாவட்டச் செய்திகளைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், கம்பம் பக்கம் இறங்கும் மலைப்பாதையில் ஏலக்காய் மூட்டை ஏற்றிய லாரி கவிழ்ந்துவிட்டதாகப் பேச்சு வந்தது. இரண்டு பேர் சாவு என்றார்கள். நான் கட்டப்பனையிலிருந்து தவமணி அண்ணாச்சிக்குப் போன் செய்தேன்.

“லாரி கவிழ்ந்தது உண்மை. டிரைவருக்குக் கையில அடி. அம்புட்டுத்தான்” என்றார்.

“ரெண்டு பேர் செத்துட்டாங்கன்னு சொல்றாங்களே?”

“அதுல ஒருத்தரு இப்ப என் கடையில நிக்காரு. கவிழ்ந்ததுல சட்டை பட்டன் தெறிச்சிருச்சாம், தச்சுக் குடுக்கச் சொல்லுதாரு. போனைக் குடுக்கவா, அவருகிட்டயே கேட்டுக்கிடுதீரா?”

மறுநாள் மற்றப் பத்திரிகைக்காரர்கள் சாவு என்று போட்டார்கள். நாங்கள் போடவில்லை. அதற்காக அவரைப் பாராட்டினால் எரிச்சல்படுவார். யார் என்ன செய்தி கொண்டுவந்தாலும் அவர் கேட்பது ஒரே கேள்வி: “நேர்ல பார்த்த ஆளு யாரு?” பார்த்த ஆள் இல்லையென்றால் போனைக் கீழே வைத்துவிடுவார். அவருக்குப் போன் செய்தவர்கள் எல்லாருக்கும் இந்தக் கேள்வி தெரியும். கடைக்கு ஜாக்கெட் தைக்க வந்த பெண்கள்கூட, “இந்தத் துணி சாயம் போகாது அண்ணாச்சி, நேர்ல பார்த்த ஆளு நான்தான்” என்று கேலி செய்வார்கள்.

இனி போர்வை. தவமணியின் பெற்றோர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சக்குபள்ளத்துக்கு ஏலத்தோட்ட வேலைக்கு வந்தவர்கள். தோட்டத் தொழிலாளர்களுக்கான லயத்து வரிசை வீடுகளில் குளிர் தாங்காது. எஸ்டேட்டில் கொடுத்த கறுப்புக் கம்பளியை உள்ளே வைத்து, மேலும் கீழும் துண்டுத்துணிகளை ஒட்டித் தைத்து, ஒவ்வொரு வீட்டிலும் ஒட்டுப் போர்வை செய்துகொள்வார்கள். மழை விட்ட நாளில் எல்லா வீட்டுப் போர்வைகளும் ஒரே கயிற்றில் காயும். எடுக்கப் போகும்போது எது யாருடையது என்று சண்டை வரும். அதனால் போர்வைகளுக்குப் பெயர் வைத்தார்கள். தலைமாட்டு ஓரத்தில் ஒரு வெள்ளைத் துணிப்பட்டி. அதில் நூலால் பெயர். பெயர் இருக்கும் பக்கம் தலை, இல்லாத பக்கம் கால். தவமணி கடை வைத்த பிறகும் இந்தப் பழக்கத்தை விடவில்லை. வெட்டியதில் மிஞ்சும் துண்டுகளைச் சேர்த்து, வேலை குறைந்த மழை மாதங்களில் வேண்டியவர்களுக்குத் தைத்துக் கொடுப்பார். பெயர் வைக்காத போர்வை மட்டும் அவர் வீட்டுப் படியைத் தாண்டாது.

பெயர் வைப்பதில் இரண்டு விதிகள். சாமி பெயர் கூடாது, தூக்கத்தில் போர்வை தலைமாறினால் கால் படும். ஆள் பெயரும் கூடாது. “ஏன், ஆள் பெயர் வைத்தால் என்ன?” என்று ஒருமுறை கேட்டேன்.

“எங்க லயத்துல ஒருத்தன் ஆசையா பொண்டாட்டி பேரை வச்சான். பக்கத்து வீட்டுக்காரன் போர்வையைத் தெரியாம எடுத்துட்டுப் போயிட்டான். மறுநாள் அவனை எல்லாரும் என்ன கேட்டிருப்பாங்கன்னு நீரே யோசியும்” என்றார். உள்ளேயிருந்து அவர் மனைவி எஸ்தர் அக்கா, “வெளிய எழுதுற மனுசங்கிட்ட சொல்லுத கதையைப் பாரு” என்று சத்தம் போட்டார்.

சாமி பெயரையும் ஆள் பெயரையும் கழித்தால் நம் ஊரில் மிச்சம் என்ன இருக்கிறது? அந்த மிச்சத்தில்தான் அவர் தேடுவார். ஒரு ஜீப் டிரைவரின் போர்வைக்கு ‘மூணாவது கியர்’ என்று பெயர். எஸ்தர் அக்காவின் போர்வைக்கு ‘சாரல்’. எனக்கும் ஒன்று தைத்துக் கொடுத்தார். பிரித்துப் பார்த்தால் தலைமாட்டில் ‘வந்துட்டேன்’ என்று இருந்தது.

“இதென்ன பெயர் அண்ணாச்சி?”

“எப்ப போன் போட்டாலும் நீரு சொல்லுறது அதானே? வந்துட்டேன் வந்துட்டேன்னு சொல்லும்போது பின்னாடி உம்ம வீட்டுக் குக்கர் விசில் அடிக்கும்.”

அந்தப் போர்வையைத்தான் இன்னும் போர்த்திக்கொண்டிருக்கிறேன்.

அவருடைய ஒரே மகள் கிரேஸ். அவள் கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருந்தபோதே அவளுக்கான போர்வையைத் தைக்கத் தொடங்கிவிட்டார். சந்திப்பைச் சுற்றி நடந்த ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஜாக்கெட் தைத்தவர் அவர்தான். அந்தக் கல்யாணத் துணிகளில் மிஞ்சியதையெல்லாம் தனியாக எடுத்து வைத்தார். மஞ்சள், நீலம், அரக்கு, மயில்கழுத்துப் பச்சை. கிரேஸோடு படித்த பெண்கள் அத்தனை பேரின் கல்யாணமும் அந்தப் போர்வையில் ஒரு கட்டமாக இருந்தது. பெயர்ப்பட்டிக்கான இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. “கல்யாணத்தன்னைக்குத் தன்னால வாயில வரும்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தக் கல்யாணம் அவருக்குத் தெரியாமல் நடந்தது. கிரேஸ் படிப்பு முடிந்து பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே வேலை பார்த்த எலப்புள்ளிக்காரர் மணிகண்டனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். மதம் வேறு, சாதி வேறு, பேசும் தமிழே வேறு. எல்லா மனிதர்களையும் போலத் தவமணிக்கும் அது கொஞ்சம் உறுத்தியிருக்கலாம். ஆனால் என்னிடம் அவர் சொன்ன புகார் ஒன்றே ஒன்றுதான். அந்தக் கல்யாணச் செய்தியை அவர் கேட்டது குமுளி பஸ்ஸின் கண்டக்டரிடமிருந்து. டிக்கெட் பையைத் தைக்கக் கொடுத்துவிட்டு, “மகளுக்குக் கல்யாணமாமே, சொல்லவே இல்லையே” என்றிருக்கிறார் கண்டக்டர்.

“இந்த மலையில எது நடந்தாலும் மொத ஆளா எனக்குத்தான் தெரியும். எம் வீட்டுச் செய்தி எனக்குக் கடைசியில வந்துச்சு” என்றார் தவமணி. மிஷினில் துணி இருந்தது. ஆனால் மிதிக்கவில்லை.

மகளைத் திட்டவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. எஸ்தர் அக்கா மகளுடன் போனில் பேசுவதையும் தடுக்கவில்லை. செய்தது ஒன்றுதான்: போர்வைக்குப் பெயர் கிடைக்கவில்லை என்றார். பெயரில்லாத போர்வை வீட்டை விட்டுப் போகாது என்பது ஊருக்கே தெரிந்த விதி. எனவே போர்வை பெட்டியில் இருந்தது. கிரேஸ் எலப்புள்ளியில் இருந்தாள். எலப்புள்ளி என்ற பெயரை அவர் வாயால் சொல்லவே மாட்டார். ‘அந்தப் பக்கம்’ என்பார். “அந்தப் பக்கம் வெயிலு கொளுத்துமாம். அங்க போர்வை எதுக்கு?”

அதற்குள் நான் பாலக்காட்டுக்கு மாற்றலாகி வந்திருந்தேன். கிரேஸின் வீடு எனக்கு அதிக தூரமில்லை. பார்க்கும்போதெல்லாம் அப்பா எப்படி இருக்கிறார் என்று அவள் கேட்பதில்லை. அது அம்மாவிடமிருந்து தெரிந்துவிடும். “பேர் கிடைச்சிருச்சா அங்கிள்?” என்பதுதான் அவள் கேள்வி. ஒருமுறை அவள் மாமியார் பழனியம்மாள் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, “யாருக்குக் கண்ணு பேரு? நமக்குத் தெரியாம யாராச்சும் உண்டாயிருக்கறாங்களா?” என்று கேட்டார். கிரேஸ் சிரித்துச் சமாளித்தாள். போர்வைக் கதையை அவள் அந்த வீட்டில் சொல்லியிருக்கவில்லை. பெற்ற அப்பா ஒரு பெயர் வைக்க யோசிக்கிறார் என்பதை அவள் எப்படிச் சொல்வாள்?

நான் கம்பம்மெட்டுக்குப் போகும்போதெல்லாம் பெயர்களைக் கொண்டுபோனேன். நீலக் கட்டங்கள் நிறைய இருந்ததால் ‘நீலம்’ என்றேன். “சாயம் போனா பேரை மாத்துவீரா?” என்றார். ‘மல்லிகை’ என்றேன். “மல்லிகான்னு எதுத்த வீட்டுல ஒரு பொம்பளை இருக்கா. அவ புருசன் முரடன்.” கடையில் உட்கார்ந்திருந்த ஜீப் டிரைவர் ‘மின்னல்’ என்று எடுத்துக் கொடுத்தார். “மின்னலைப் போத்திக்கிட்டு எவன்டே தூங்குவான்?” கடைசியில் எஸ்தர் அக்கா, கதவுக்கு உள்ளே நின்றபடி, “சமாதானம்னு வைங்களேன்” என்றார். தவமணி கத்திரியைக் கீழே வைத்தார். “வேதத்துல வர்ற வார்த்தை. கால் படும்” என்றார். விதிப்படி அது சரியான பதில்தான். எஸ்தர் அக்கா அன்று அவருக்குச் சோற்றுத் தட்டை டங்கென்று வைத்துவிட்டு உள்ளே போனார்.

பிறகு அவருக்குச் சிறுநீரகம் கெட்டது. கால்கள் வீங்கி, மிஷினை மிதிக்க முடியாமல் போயிற்று. கத்திரி பிடிப்பார், அளவெடுப்பார். தைப்பதை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். போனை மட்டும் விடவில்லை. ஒரு நாள் மத்தியானம் நான் அவரைப் பார்க்கப் போயிருந்தபோது அந்தப் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், காது மந்தம்.

“செய்தி ஒண்ணு” என்றது ஒரு பெண் குரல். “பாலக்காட்டுப் பக்கத்துல இருந்து ரெண்டு பேரு ஞாயித்துக்கிழமை கம்பம்மெட்டுக்கு வாராங்க. ஒருத்தி மக. இன்னொருத்தவங்க அவ மாமியார்.”

யார் குரல் என்று அந்தக் கடையில் எல்லோருக்கும் தெரிந்தது. தவமணி என்னைப் பார்க்கவில்லை, கதவருகே வந்து நின்ற எஸ்தர் அக்காவையும் பார்க்கவில்லை.

“நேர்ல பார்த்த ஆளு யாரு?” என்றார்.

“நான்தான்ப்பா.”

அவர் போனைக் கீழே வைக்கவில்லை. பிறகு செய்தி சொல்லும் எவரிடமும் கேட்பதைப் போலவே கேட்டார்: “எத்தனை மணி வண்டி?”

நான் பாலக்காட்டுக்குத் திரும்பி, ஞாயிற்றுக்கிழமை அவர்களோடு மறுபடியும் கிளம்பினேன். மணிகண்டனுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. கேரளத்தில் பஸ் ஏறி, பொள்ளாச்சி, பழனி, தேனி என்று தமிழ்நாட்டைக் குறுக்கே கடந்து, கம்பத்திலிருந்து மலையேறி, மறுபடி கேரளத்தில் இறங்க வேண்டிய விசித்திரமான பயணம் அது. பழனியம்மாள் எலப்புள்ளியை விட்டு அதிகம் வெளியே போகாதவர். ஒரு தூக்குவாளி நிறையக் கருப்பட்டிப் பணியாரம் கொண்டுவந்திருந்தார். ஸ்வெட்டர் கொண்டுவரவில்லை. கிரேஸ் வழி முழுக்க ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வந்தாள். “உங்கொப்பன் என்ன, கடிச்சா தின்னுபோடுவாரு? பேசாம வா” என்று பழனியம்மாள் அவள் கையைக் கம்பியிலிருந்து பிரித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

கம்பம்மெட்டில் இறங்கும்போது பொழுது சாய்ந்திருந்தது. பள்ளத்தாக்கிலிருந்து எழும் காற்று சந்திப்பில் ஆளைத் தள்ளியது. பழனியம்மாள் முந்தானையைத் தலையில் சுற்றிக்கொண்டார். தவமணி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். “வாங்க” என்றார், சம்பந்தியைப் பார்த்து. மகள் பக்கம் திரும்பவில்லை. அவளும் அப்பாவின் வீங்கிய கால்களைப் பார்த்தபடி நின்றாள்.

“ஏனுங்க சம்பந்தி” என்றார் பழனியம்மாள், அதைக் கவனிக்காதவர் போல. “உங்கூர்ல ஃபேனை மேகத்துல மாட்டி வெச்சிருக்கறீங்களா? யாராச்சும் நிறுத்தப்படாதா?”

தவமணி சிரிக்கவில்லை. ஆனால் எஸ்தர் அக்காவிடம், “அவுகளுக்குச் சுடுதண்ணி வையி” என்றார். சாப்பாட்டின்போது மருமகன் வேலையைப் பற்றியும் எலப்புள்ளி நெல்லைப் பற்றியும் பழனியம்மாள் மட்டும் பேசினார். தவமணி ‘ம்’ கொட்டினார். கிரேஸும் அவரும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. நான் கடை பெஞ்சில் படுத்தேன். இவ்வளவு தூரம் வந்தும் இப்படியே திரும்பிவிடுவோமோ என்ற கவலைதான் எனக்கு.

காலையில் நான் முகம் கழுவிக்கொண்டு உள்ளே போனபோது, பழனியம்மாள் வாசலில் வெளிச்சம் விழுந்த இடத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். கழுத்து வரை போர்த்தியிருந்தார். மஞ்சள், நீலம், அரக்கு, மயில்கழுத்துப் பச்சை.

கிரேஸ் அதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றிருந்தாள். எஸ்தர் அக்கா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் போர்வை எப்படிப் பெட்டியிலிருந்து வெளியே வந்தது என்று பிற்பாடு அக்காவிடம் பலமுறை கேட்டிருக்கிறேன். “வெயிலுக்குப் போடலாம்னு எடுத்து வச்சிருந்தேன். அவுக தெரியாம எடுத்துப் போத்திக்கிட்டாக” என்றுதான் அவர் இன்றுவரை சொல்கிறார். அந்த மாதத்தில் கம்பம்மெட்டில் வெயில் ஏது என்று நான் கேட்டதில்லை.

தடி ஊன்றும் சத்தம் கேட்டது. தவமணி அறையிலிருந்து வந்து வாசற்படியில் நின்றார். போர்வையைப் பார்த்தார்.

“அத்தை” என்றாள் கிரேஸ் அவசரமாக. “அதைப் போத்தக் கூடாதுங்க அத்தை. அதுக்கு இன்னும் பேரு வைக்கலை.”

“எதுக்கு?”

“போர்வைக்கு.”

“போர்வைக்குப் பேரா?” பழனியம்மாள் எங்கள் எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். “எங்கூட்ல மாட்டுக்குத்தான் கண்ணு வெப்போம். அதுவும் பால் கறந்தாத்தான்.” போர்வையைக் கழற்றப் போனவர், காற்றடித்ததும் மறுபடி இழுத்துக்கொண்டார். “தப்பா இருந்தா மன்னிச்சுக்கோணுமுங்க சம்பந்தி. வந்ததுல இருந்து எலும்பெல்லாம் ஆடிப்போச்சுங்க. இதை எடுத்துப் போத்துனனுங்க, எங்கூரு வெயில் வந்து பக்கத்துல உக்கோந்தாட்ட இருந்துதுங்க. பேரில்லீனாலும் தூக்கம் நல்லாத்தாங்க வருது.”

தவமணி தடியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

“எந்த ஊரு வெயிலு?” என்றார்.

“வேற எந்தூருங்க? எலப்புள்ளி வெயிலுதானுங்க.”

“எலப்புள்ளி” என்றார் தவமணி. அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அதுவே முதல் தடவை. சூடாறியதா என்று பார்ப்பதைப் போல மெதுவாகச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். “நிருபரே, இது சாமி பேரா?”

“இல்லை அண்ணாச்சி.”

“ஆளு பேரா?”

“இல்லை.”

“நேர்ல பார்த்த ஆளு?”

நான் பழனியம்மாளைக் காட்டினேன். “போத்திக்கிட்டே உட்கார்ந்திருக்காங்க.”

அப்போதுதான் அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் எங்கள் எல்லோருடைய மூச்சும் ஒன்றாக வெளியே வந்தது. எஸ்தர் அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி, “காப்பி ஆறுது, ஆறுது” என்று யாரிடமோ சொன்னார்.

தவமணி கடைக்குள் போய் வெள்ளைத் துணியில் ஒரு பட்டி வெட்டினார். துணியில் குறிபோடும் நீலச் சாக்பீஸால் ‘எலப்புள்ளி வெயில்’ என்று அதில் எழுதினார். எழுத்து நேராக இருந்தது. போர்வையின் ஓரத்தில் வைத்துப் பார்த்தார். பட்டி நீளமாக இருந்தது. ஒரு மஞ்சள் கட்டத்தைத் தாண்டிப் போயிற்று.

“தலைப்பு நீளம்” என்றேன் நான், பழக்கதோஷத்தில்.

“ஆமா.” இரண்டு சொல்லையும் பார்த்துக்கொண்டிருந்தார். எந்தச் சொல்லை வெட்டுவார் என்று நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். கத்திரியை எடுத்து ‘வெயில்’ என்பதைத் துண்டாக வெட்டினார். “வெயிலு போர்வைக்குள்ளயே இருக்கு. வெளிய தனியா எழுத வேண்டாம்.” துண்டை என் கையில் வைத்தார். “எடிட் பண்ணினதை நீரே வச்சுக்கிடும்.”

மிஷினில் உட்கார்ந்த பிறகுதான் கால்கள் அவருக்கு நினைவுக்கு வந்தன. மிதிக்க முடியாது. ஆள் வரும் வரைக்கும் காத்திருக்கலாம் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கிரேஸ் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு, அவருக்குப் பக்கவாட்டில் நெருக்கி உட்கார்ந்து, மிதிப்பலகையில் தன் கால்களை வைத்தாள்.

“மிதி” என்றார்.

மிதித்தாள்.

“மெல்ல.” எழுத்து வளையும் இடத்தில், “நிறுத்து.” மறுபடி, “மிதி.”

துணியை அவர் திருப்ப, அவள் மிதிக்க, சிவப்பு நூலில் ஒவ்வொரு எழுத்தாக வந்தது. அத்தனை காலம் பேசாதிருந்துவிட்டு அப்பா மகளிடம் நேருக்கு நேர் பேசிய முதல் பேச்சு இந்த மூன்று சொற்கள்தான். கடைசி எழுத்தையும் முடித்து நூலை அறுத்ததும், துணியைப் பார்த்தபடியே அவர் சொன்னார்: “அன்னைக்கே ஒரு போன் போட்டிருக்கலாம்லா.”

“போட்டேன்ப்பா.”

அவர் நிமிர்ந்தார்.

“ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசல்ல இருந்து, யாரோ ஒருத்தர் போன்ல. ஒரே சத்தம். பயத்துல எனக்குக் குரலே வரலை. ‘ஒரு கல்யாணச் செய்தி’ன்னு சொன்னேன். நீங்க, ‘நேர்ல பார்த்த ஆளு யாரு’ன்னு கேட்டீங்க.” கிரேஸ் மிதிப்பலகையிலிருந்து காலை எடுக்கவில்லை. “நான்தான்னு சொல்ல வாய் வரலைப்பா. வச்சிட்டேன்.”

தவமணி ஆணியில் தொங்கிய போனைப் பார்த்தார். பார்த்த ஆள் யாரென்று சொல்லாமலே முடிந்துபோன போன்கள் அதில் எத்தனையோ வந்திருக்கின்றன. அதில் ஒன்று இதுவாக இருக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? கொஞ்ச நேரம் கழித்து மகளின் தலையில் கையை வைத்தார். “அப்ப எனக்குத்தான் மொதல்ல சொல்லியிருக்க” என்றார். கண்டக்டருக்கு முன்னால், எல்லோருக்கும் முன்னால். அந்த ஒன்று தெரிந்ததும் அவர் முகம் தெளிந்துவிட்டது. பின்னாலிருந்து பழனியம்மாள், “அப்பனும் புள்ளையும் ஒரே அச்சு. ஆளுக்கொரு போனை வெச்சுட்டு இத்தன வருசம் உக்கோந்திருக்குதுக” என்றார்.

அதன் பிறகு அவருக்குக் கிடைத்த மாதங்கள் கொஞ்சம்தான். ஆனால் நல்ல மாதங்கள். மணிகண்டன் வந்தார், அவரைக் கடையில் உட்காரவைத்து, நேரில் பார்த்த ஆளிடம் கேட்பதைப் போலத் தொழிற்சாலையைப் பற்றிக் கேள்விமேல் கேள்வி கேட்டார். கிரேஸ் மாதம் ஒருமுறை வந்தாள், கடைசி வாரங்களில் அங்கேயே தங்கினாள். ஆசுபத்திரிக்குப் போக வேண்டாம் என்று அவர் சொன்னபோது யாரும் வற்புறுத்தவில்லை. போர்வை எலப்புள்ளிக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே அதைப் போர்த்துமளவுக்குக் குளிர்வது மார்கழியில் சில நாட்கள்தான். மற்ற நாட்களில் பழனியம்மாள் அதை மடித்து அலமாரியில் வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுகிறார். “எங்கூரு பேருதானுங்க போட்டிருக்குது. சம்பந்தி கையால தெச்சது. பேரு நாஞ்சொன்னது.” மாட்டுக்குத்தான் பெயர் வைப்போம் என்று சொன்னவரும் அவர்தான்.

அடக்கத்துக்குக் கம்பம்மெட்டு போனபோது, வழக்கம்போல நான் கொஞ்சம் தாமதம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு சவப்பெட்டியருகே போய் நின்றதும் என்னையறியாமல் என் வாயில் வந்தது, “வந்துட்டேன் அண்ணாச்சி” என்பதுதான். பக்கத்தில் நின்ற எஸ்தர் அக்கா அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டார். ஜெபம் முடிந்து மண் போட்டுத் திரும்பும்போது மலைமேல் மேகம் விலகி, சந்திப்பில் கொஞ்ச நேரம் வெளிச்சம் விழுந்தது. கடை திறந்திருந்தது. போன் அடித்தது. கிரேஸ் போய் எடுத்தாள். “சொல்லுங்க” என்றாள், “நேர்ல பார்த்த ஆளு யாரு?” கேட்டுவிட்டு, அந்தப் பக்கம் பதில் வரும் வரைக்கும் போனைக் கீழே வைக்காமல் பொறுமையாக நின்றாள்.

அவரிடமிருந்து என்னிடம் மிச்சம் இருப்பது, அவர் வெட்டிக் கொடுத்த அந்தத் துண்டுத்துணி. என் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் மடித்து வைத்திருக்கிறேன். சாக்பீஸில் எழுதியது நிற்காது. எடுத்து எடுத்துப் பார்த்ததில் எழுத்து அழிந்துபோய், இப்போது அது வெறும் வெள்ளைத் துணி. அதில் ‘வெயில்’ என்று எழுதியிருந்தது. நேரில் பார்த்த ஆள் நான்.